பொருளாதார நெருக்கடியும் அடித்தள மக்களின் அரசியல் பங்கேற்பும்: இலங்கையும் புத்தளக் கரையும்

நாடு முழுவதையும் பற்றிக்கொள்ளும் பொருளாதார நெருக்கடியின்போது, கட்சித் தலைமையிலோ அரசாங்க உத்தியோகத்திலோ இடம்பெறாத சாதாரணப் பிரஜைகள், தங்கள் கிராமத்திலும் கடற்றுறையிலும் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஒன்றுகூடி ராஜ்ய விவகாரங்களில் நேராகத் தலையிடுவதை அடித்தள மக்களின் அரசியல் பங்கேற்பு என்பர். வாக்களிப்பு, ஹர்த்தால், வேலைநிறுத்தம், சத்தியாக்கிரகம், சமுதாயச் சமையல், கூட்டுறவு, நீதிமன்ற வழக்கு ஆகிய யாவும் இதன் வடிவங்களே. இலங்கையில் இதற்கு ஏறத்தாழ நூறாண்டுச் சரித்திரம் உண்டு. தலைநகரின் மைதானங்களில் நடந்தவையே அச்சரித்திரத்தின் பிரசித்தமான அத்தியாயங்கள் எனினும், விலையேற்றம் மக்களின் கைக்கு எட்டும் இடமும், அதற்கு அவர்கள் மறுமொழி சொல்லத் தொடங்கும் இடமும் தலைநகருக்கு வெளியிலேயே உள்ளன. சிலாபம் முதல் கற்பிட்டிக் குடாநாட்டின் வடகோடியிலுள்ள உச்சமுனை வரை நீளும் புத்தள மாவட்டக் கரை அதற்குச் சிறந்த உதாரணம்.

பிரதேசமும் அதன் ஜீவனோபாயமும்

மேற்கே சமுத்திரத்துக்கும் கிழக்கே புத்தளக் களப்புக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பட்டியாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு, வடக்கே சிறுசிறு தீவுகளாகவும் திட்டுகளாகவும் சிதறுகிறது. உச்சமுனையும் பத்தலங்குண்டும் அவ்வாறு சிதறிய நிலத்துண்டுகளில் அடங்கியவை. பெரும்பாலும் படகின் வழியாகவே இவ்விடங்களை அடையலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கட்டிய கோட்டை இப்பிரதேசத்தின் பழைய வணிக முக்கியத்துவத்துக்குச் சான்று. தலவிலவிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயம் இங்குள்ள கத்தோலிக்க மக்களின் நெடுங்கால வாழ்வுக்குச் சான்று. தமிழும் சிங்களமும் கலந்து வழங்கும் மீனவக் குடிகளும், தொன்றுதொட்டு இங்கே வாழும் முஸ்லிம்களும், 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே தஞ்சம் புகுந்த முஸ்லிம் குடும்பங்களும் சேர்ந்ததே இக்கரையின் சமுதாயம்.

பருவத்துக்குப் பருவம் துறை மாறி, வாடி எனும் தற்காலிகக் குடில் அமைத்து வாழும் கடற்றொழிலாளருக்கு மீனும் கருவாடும் ஆதாரம். உட்புற மணல்நிலத்து விவசாயிகளுக்கு வெங்காயம், மிளகாய், காய்கறிகள் ஆதாரம். சிறிய கண்ணாடியிழைப் படகின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயால் ஓடுகிறது. நெடுநாட் படகுக்கு டீசல் வேண்டும். தோட்டத்துக்கு நீரிறைக்கும் பம்புக்கும் எரிபொருள் வேண்டும். பயிருக்கு உரம் வேண்டும். எரிபொருளும் உரமும் அந்நிய நாடுகளிலிருந்து வருவன. ஆதலால், அந்நியச் செலாவணி என்பது மத்திய வங்கியின் கணக்கேட்டில் மட்டும் உள்ள விஷயமன்று. அது குறைந்தால், கடல் அமைதியாயிருந்தும் வள்ளம் கரையிலேயே கிடக்கும். தேசத்தின் நெருக்கடி இக்கரையை முதலில் வந்தடைவதற்கு இதுவே காரணம்.

தொடக்கம்: மந்தமும் மலேரியாவும்

1931இல் டொனமூர் அரசியற் சீர்திருத்தம், ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அந்த உரிமை கைக்கு வந்த தறுவாயில் உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, றப்பர், தேங்காய் ஆகிய மூன்று ஏற்றுமதிகளின் விலையையும் வீழ்த்தியது; 1934–35இல் வறட்சியோடு சேர்ந்து பரவிய மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது நோயுற்ற கிராமங்களுக்கு மருந்தும் உணவும் எடுத்துச் சென்ற இளைஞர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். அவர்களுள் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். நிவாரணத் தொண்டு கிராம மக்களின் நம்பிக்கையைப் பெற்று, அந்நம்பிக்கை வாக்காகி, வாக்குச் சட்டசபையில் குரலாக மாறிய முறையை இலங்கை முதன்முதலில் தெளிவாகக் கண்டது இக்காலத்திலேயே ஆகும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தொடங்கிய கூட்டுறவு இயக்கமும், இரண்டாம் உலக யுத்தகாலப் பங்கீட்டை ஒட்டிக் கிராமந்தோறும் பெருகிய கூட்டுறவுப் பண்டகசாலைகளும், சாதாரண மக்கள் தம் கணக்கைத் தாமே பார்த்துப் பழகும் பாடசாலைகளாக விளங்கின.

1953 ஹர்த்தால்

கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த றப்பர் விலை சரிந்து, அரிசியின் உலக விலை ஏறி, திறைசேரி வறண்டபோது, டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் 1953 ஜூலையில் உணவு மானியத்தை வெட்டியது. கொத்து ஒன்றுக்கு 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. தபால், ரயில் கட்டணங்கள் உயர்ந்தன. இடதுசாரிக் கட்சிகள் ஆகஸ்ட் 12ஆம் தேதியன்று ஹர்த்தாலுக்கு அழைத்தன. தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. அழைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மக்கள் வெகுதூரம் சென்றனர். மேற்கு, தெற்குக் கரைகளின் கிராமங்களில் கடைகள் மூடப்பட்டன, பாதைகள் மறிக்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் மந்திரிசபை கூட நேர்ந்தது. அவசரகாலச் சட்டமும் துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்களைப் பறித்தன. அக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். பின்னர் அரிசி விலை ஓரளவு குறைக்கப்பட்டது.

ஒரே நாளில் முடிந்த அந்த எழுச்சியின் பயன் நெடுங்காலம் நீடித்தது. அரிசி மானியத்தில் கைவைக்க அதன்பின் வந்த அரசாங்கங்கள் பல அஞ்சின. ஆயினும் கிளர்ந்தெழுந்த கிராமங்களில் நிரந்தரமான மக்கள் ஸ்தாபனம் எதுவும் அதனால் தோன்றவில்லை. மக்களின் கோபத்தை அறுவடை செய்தவை 1956 தேர்தலில் போட்டியிட்ட கட்சிகளே. நெருக்கடிக்காலப் பங்கேற்பு ஆட்சியாளரை அசைக்க வல்லது, ஆனால் அமைப்பாக உறையாதபோது அதன் பலனைப் பிறர் கொள்வர் என்னும் படிப்பினையை இச்சரித்திரம் அப்போதே தந்துவிட்டது.

எழுபதுகளின் பஞ்சமும் அதன் பின்விளைவும்

1973இன் எண்ணெய் விலையேற்றமும் உலக உணவுத் தட்டுப்பாடும் இலங்கையைப் பாண் வரிசையில் நிறுத்தின. மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பட்டினியால் மாண்டனர். வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த அம்மக்களுக்கு வரிசையில் நிற்கும் உரிமையுங்கூட முழுமையாகக் கிட்டவில்லை. மறுபுறத்தில், இறக்குமதித் தடையின் பயனாக யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய் விவசாயிகள் சில ஆண்டுகள் செழித்தனர். ஒரே நெருக்கடி ஒரு சாராருக்குப் பஞ்சமாகவும் மற்றொரு சாராருக்கு வாய்ப்பாகவும் அமைந்ததனால், நாடு தழுவிய பொதுக் கிளர்ச்சி எழவில்லை. கோபம் 1977 தேர்தலுக்காகக் காத்திருந்தது. அத்தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ ஐக்கிய தேசியக் கட்சி கைப்பற்றியது. ஆயினும் அந்த வெற்றி அடித்தள அமைப்புகளை வலுப்படுத்தவில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பங்குகொண்ட பல்லாயிரம் ஊழியர்கள் வேலை இழந்தனர். நாட்டின் தொழிற்சங்க இயக்கம் பல ஆண்டுகள் எழமுடியாதவாறு வீழ்ந்தது. பழைய கிராம சபைகள் கலைந்து, அவற்றின் இடத்தில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபைகள் அமைவதற்கு இடையில், கிராமத்துக்கு மிக அண்மையிலிருந்த பிரதிநிதித்துவம் நலிந்தே இருந்தது.

2012: மண்ணெண்ணெயும் சிலாபமும்

2009இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெற்றிருந்த அரசாங்கம், 2012 பெப்ரவரியில் ரூபாயின் மதிப்பைத் தளரவிட்டதோடு எரிபொருள் விலைகளையும் ஒரே இரவில் உயர்த்தியது. லீற்றர் 84 ரூபாயாக இருந்த டீசல் 115 ஆயிற்று. 71 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 106 ஆயிற்று. பெற்றோலின் உயர்வோ 137இலிருந்து 149 மட்டுமே. ஏழையின் படகுக்கும் விளக்குக்கும் ஊற்றும் எண்ணெயே அதிக விகிதத்தில் ஏறியது என்பதை மேற்குக் கரை மீனவர் உடனே கண்டுகொண்டனர். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை அவர்கள் கடலுக்குச் செல்லாமல் வீதிக்கு வந்தனர். பெப்ரவரி 15ஆம் தேதி சிலாபத்தில் ஆர்ப்பாட்டத்தின்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். இதன்பின் மீனவருக்கு எரிபொருள் மானியம் அளிக்க அரசாங்கம் முன்வந்தது.

இப்போராட்டம் மூன்று விதங்களில் கவனத்துக்குரியது. முதலாவது, அதன் ஆதாரம் எந்தத் தேசியக் கட்சியுமன்று. மீனவர் சங்கங்களும் பங்குக் கோவிலைச் சூழ்ந்த ஊர்க் கட்டுப்பாடுமே. இரண்டாவது, அதன் கோரிக்கை தெளிவானது, கணக்கிடக்கூடியது. மூன்றாவது, உள்நாட்டு யுத்தம் முடிந்து மூன்றாண்டுகள்கூட ஆகாத நிலையில், வெற்றிப் பெருமிதம் நிலவிய தென்பகுதியில், சிங்களம் பேசும் மீனவர்மீதே அரசின் துப்பாக்கி திரும்பியதைக் கண்ட அனுபவம், பத்தாண்டுக்குப் பின் வரவிருந்த பெருங்கிளர்ச்சிக்கு முன்னோடியாயிற்று.

கரையுரிமைப் போராட்டங்கள்

விலைவாசி மாத்திரமே இக்கரையின் மக்களைப் பொதுவாழ்வுக்கு இழுத்ததன்று. 2000களின் பிற்பகுதியில் முனைப்புப் பெற்ற கற்பிட்டி ஒருங்கிணைந்த உல்லாசப் பயணத்துறைத் திட்டம், உச்சமுனை உள்ளிட்ட பதினான்கு தீவுகளில் ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தை விடுதிகளுக்கும் விளையாட்டு வசதிகளுக்கும் ஒதுக்கக் கருதியது. தலைமுறை தலைமுறையாக வாடி அமைத்தும் வலை உலர்த்தியும் வந்த இடங்களில் வேலிகள் எழும் என்ற அச்சம் மீனவரைச் சங்கங்களாகத் திரட்டிற்று; தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் போன்ற அமைப்புகள் அவர்களுடைய முறைப்பாடுகளை நாட்டின் முன் வைத்தன. 2018இலிருந்து, கொழும்புக் குப்பையை அருவாக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தள நகரில் நிகழ்ந்த சத்தியாக்கிரகம், மும்மதத்தவரும் ஒரே பந்தலில் அமர்ந்த அபூர்வமான காட்சியைத் தந்தது. கூட்டம் கூட்டுதல், மனு எழுதுதல், வழக்கறிஞரையும் ஊடகத்தையும் அணுகுதல் என்னும் பிரஜைக்குரிய தேர்ச்சிகள் இப்போராட்டங்களில்தான் கிராமத்து ஆடவருக்கும் பெண்டிருக்கும் கைவந்தன.

2022: தேசம் முழுவதன் எழுச்சி

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள், அவ்வாண்டின் இறுதியில் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது, கொரோனாத் தொற்று, 2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்கு விதித்த திடீர்த் தடை, நெடுங்காலமாகப் பெருகிய அந்நியக் கடன் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, 2022இன் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் துடைத்துவிட்டன. நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டும், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பகலிரவாக நின்ற வரிசைகளும், அவ்வரிசைகளிலேயே நேர்ந்த மரணங்களும் மக்களின் பொறுமையைத் தகர்த்தன. ஏப்ரல் 12இல் அரசாங்கம் அந்நியக் கடன் திருப்பிச் செலுத்துதலை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது.

மார்ச் 31ஆம் தேதி இரவு மிரிஹானவில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் இல்லத்தைச் சூழ்ந்த கூட்டம், ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கோட்டா கோ கம என்னும் கூடாரக் கிராமமாக உருப்பெற்றது. அங்கே நூலகமும் மருத்துவக் கூடாரமும் இலவசச் சமையலறையும் இயங்கின. கிறிஸ்தவக் குருமாரும் பௌத்த பிக்குகளும் அருகருகே நின்றனர். ரமழான் நோன்பு துறப்பும் நிகழ்ந்தது. உள்நாட்டு யுத்தத்தின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் மடிந்தோர் மே 18இல் அதே திடலில் நினைவுகூரப்பட்டுக் கஞ்சி வழங்கப்பட்டது. மே 9இல் ஆளுங்கட்சி ஆதரவாளர் அத்திடலைத் தாக்கினர்; அதன் எதிரொலியாக நாடெங்கும் வன்முறை வெடித்தது. அன்றே பிரதமர் மஹிந்த ராஜபக்ச விலகினார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. ஜூலை 14இல் சிங்கப்பூரிலிருந்து ஜனாதிபதியின் விலகற்கடிதம் வந்தது. ஜூலை 20இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது. இரு நாட்களில் படையினர் அக்கூடாரங்களுள் பலவற்றை அகற்றினர்.

வட கிழக்குத் தமிழர் இப்பெருங்கிளர்ச்சியை அனுதாபத்தோடும் தயக்கத்தோடும் நோக்கினர். வரிசையும் மின்வெட்டும் இராணுவச் சோதனையும் அவர்களுக்குப் பழைய அனுபவங்கள். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் பல ஆண்டுகளாக வீதியோரத்தில் அமர்ந்திருந்தபோது தென்பகுதி பெரும்பாலும் மௌனமாயிருந்ததை அவர்கள் மறந்திலர். மார்ச் மாதத்திலேயே சில குடும்பங்கள் பசிக்கு அஞ்சிப் படகேறித் தனுஷ்கோடியை அடைந்தன. தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்து, முதற் கப்பலை மே 18இல் சென்னையிலிருந்து வழியனுப்பியது.

நெருக்கடியில் கடற்கரை

தலைநகரின் திடலில் நிகழ்ந்ததை உலகம் கண்டது. துறைகளில் நிகழ்ந்தது அத்துணை கவனம் பெறவில்லை. மண்ணெண்ணெய் கிடையாமையால் சிறுபடகுகள் கரையேறின. பிடித்த மீனைச் சந்தைக்கு ஏற்றவும் பனிக்கட்டி செய்யவும் வழியின்றிப் போயிற்று. உரமும் பம்புக்கு எண்ணெயும் இன்றித் தோட்டங்கள் வாடின. ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தபோது, உணவைக் கடலிலிருந்து கொணரும் தொழில் அத்தியாவசியமா அன்றா என்ற கேள்வி ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் எழுந்தது. ஆகஸ்டில், திடல் அடங்கிய பின்னர், மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. 2012இல் 35 ரூபாய் உயர்வுக்காகக் குருதி சிந்திய கரைக்கு, பத்தாண்டு கழித்து ஒரே நாளில் 253 ரூபாய் உயர்வு வந்து சேர்ந்தது. தலைநகரின் கிளர்ச்சி ஆட்சியாளரை மாற்றியது உண்மையே. ஆனால் சீர்திருத்தத்தின் பாரம் யார் தோளில் எவ்வளவு இறங்கவேண்டும் என்று தீர்மானித்த அறையில் மீனவரின் பிரதிநிதி இருக்கவில்லை.

வாக்குச்சீட்டுக்குத் திரும்புதல்

2023 மார்ச் 9இல் நடந்திருக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், நிதி இல்லையெனக் கூறப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. அதே மாதத்தில் சபைகளின் பதவிக்காலமும் முடிந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டாலர் உதவித் திட்டத்துக்கு அனுமதியும் கிட்டியது. கற்பிட்டிப் பிரதேச சபையைப் போன்ற நூற்றுக்கணக்கான சபைகள், மக்கள் பிரதிநிதிகள் இன்றி உத்தியோகத்தர் நிர்வாகத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தன. நெருக்கடியின் கசப்பு மருந்தை விழுங்கும்படி கேட்கப்பட்ட மக்களிடமிருந்து, அம்மருந்தைப் பற்றித் தம் ஊரளவிலேனும் பேசும் சபை பறிக்கப்பட்டது. இந்த ஒத்திவைப்பு அடிப்படை உரிமை மீறலே என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நெருக்கடிக்குப் பொறுப்பானோர் பற்றிப் பிரஜைகள் தொடுத்த வழக்கில், ராஜபக்ச சகோதரர் உள்ளிட்ட உயர் அதிகாரிகள் பொதுநம்பிக்கையைப் பிறழ்ந்தனர் என 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில், முதற் சுற்றில் 42.31 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க, இலங்கைச் சரித்திரத்தில் முதன்முறையாக எண்ணப்பட்ட விருப்பு வாக்குகளுக்குப் பின் வெற்றி கண்டார். நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. மட்டக்களப்பு நீங்கலாக எல்லாத் தேர்தல் மாவட்டங்களிலும், யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலுங்கூட, அதுவே முதலிடம் பெற்றது. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தேறியது. ஆளுங்கட்சியின் வாக்குவீதம் அதில் 43 சதவீதமளவுக்கு இறங்கியமை, ஊர் விவகாரத்தில் மக்கள் தனித்த தராசு வைத்திருக்கின்றனர் என்பதைக் காட்டிற்று.

பிற நாடுகளின் அனுபவம்

2001 டிசம்பரில் அர்ஜெந்தீனாவில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டபோது மக்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு வீதிக்கு வந்தனர், ஜனாதிபதி விலகினார், பேட்டைதோறும் தோன்றிய மக்கள் மன்றங்கள் சில காலம் செழித்துப் பெரும்பாலும் மறைந்தன. ஐஸ்லாந்தில் 2008 வங்கி வீழ்ச்சிக்குப் பின் பிரஜைகள் புதிய அரசியல் யாப்பொன்றை வரைந்தனர். பாராளுமன்றம் அதனை நிறைவேற்றவில்லை. மாறாக, 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் வரவுசெலவுத் திட்டத்தை மக்கள் மன்றங்களில் வகுக்கத் தொடங்கியதும், 1996இல் கேரள அரசு தன் திட்ட நிதியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்ததும், கிளர்ச்சியின் சூட்டில் அன்றி, ஆட்சியின் நடைமுறையாக விதைக்கப்பட்டமையால் நெடுங்காலம் நிலைத்தன.

மதிப்பீடு

அரிசிக்காக 1953இலும், மண்ணெண்ணெய்க்காக 2012இலும், எல்லாவற்றுக்குமாக 2022இலும் எழுந்த இலங்கை மக்கள், ஒவ்வொரு முறையும் ஆட்சியாளருக்கு எல்லை கற்பித்தனர். இது சிறிய சாதனையன்று. ஆயுதமேந்தாத மக்கள் சர்வ வல்லமை பொருந்திய ஜனாதிபதியை நூறு நாட்களுக்குள் பதவியிலிருந்து இறக்கியது ஆசியச் சரித்திரத்தில் போற்றத்தக்க நிகழ்ச்சி. ஆயினும் பதவியில் உள்ளவரை இறக்கும் ஆற்றலும் வரவுசெலவில் பங்கு கொள்ளும் ஆற்றலும் ஒன்றல்ல. முன்னையது கோபத்தால் கைகூடும். பின்னையது சங்கக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுமை, பிரதேச சபைக் கூட்டத்துக்குச் சென்று கேள்வி கேட்கும் துணிவு, அயலூர்த் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே துறையின் நலனுக்காக ஒருங்கே அமரும் பழக்கம் ஆகியவற்றால் மட்டுமே கைகூடும்.

உச்சமுனை போன்ற கடைக்கோடி ஊர்களைக் கொண்டே இதனை அளக்கவேண்டும். தலைநகரில் எழும் எத்தனை பெரிய அலையும், தீவின் குடிகளுக்குத் தம் குடியிருப்பு நிலத்தின் உரித்து, தம் படகின் எண்ணெய் விலை, தம் கரையில் எழும் கட்டடம் ஆகியவை பற்றி முன்கூட்டிக் கேட்கப்படும் உரிமையை ஈட்டித் தராவிடில், அப்பங்கேற்பு பாதி வழியிலேயே நின்றதாகும். ஆகையால் கடற்றொழிற் கூட்டுறவுச் சங்கங்களும் பிரதேச சபைகளும் நெருக்கடி இல்லாத ஆண்டுகளில் உயிர்த்துடிப்போடு இயங்குவதும், அவற்றின் தேர்தல் எந்த நிதிநெருக்கடியின் பேராலும் தள்ளிப்போகாதிருப்பதும், அடுத்த நெருக்கடிக்கு நாடு செய்யத்தக்க ஆயத்தங்களுள் தலையாயவை.